நாய்மேல் நாற்றமா? முதலில் எந்த நாற்றம் என்று பாருங்கள்

கறுப்பு உடல், முதுகில் வெள்ளைப் பட்டை, மேலே தூக்கிய வால். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஸ்கங்க்கை அடையாளம் சொல்லிவிடும். வட அமெரிக்காவில் வாழும் இந்தப் பிராணி, ஆபத்து நெருங்கினால் வாலடியில் உள்ள இரண்டு சுரப்பிகளிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். அது மூன்று மீட்டர் தூரம்கூடப் பாயும். அங்கே நாய் வளர்ப்பவர்களுக்கு இது ஒரு தீராத தலைவலி.

நம் பேராக்கில் ஸ்கங்க் கிடையாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆசிய உறவினர் 'தெலெடு' எனப்படும் நாற்றக்கரடி வகை. அதுவும் சபா, சரவாக், சுமத்ரா, ஜாவா பக்கம்தான் இருக்கிறதே தவிர தீபகற்ப மலேசியாவில் இல்லை. முன்பு இதை நீர்நாய் இடம்பெறும் வேறொரு குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். 1997-இல் வெளியான மரபணு ஆய்வுதான் இது ஸ்கங்க்கின் சொந்தக்காரன் என்று காட்டிக்கொடுத்தது.

ஸ்கங்க் இல்லை என்பதால் நமக்கு நாற்றப் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுமா? ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களில் நாய் வளர்ப்பவர்களைக் கேட்டால் ஒரு பட்டியலே சொல்வார்கள். மூசாங்கைத் துரத்திப் போய் அதன் வாடையோடு திரும்பும் நாய். மூஞ்சூறைக் கடித்துவிட்டுத் துப்பும் நாய். செத்த எலிமேல் புரண்டு வரும் நாய். லோங்காங்கில் இறங்கிவிட்டு நேராக வரவேற்பறைக்கு வரும் நாய். போதாததற்குக் கார் சக்கரத்திலும் வாசல் தூணிலும் பீய்ச்சிவிட்டுப் போகும் ஆண் பூனை.

இதற்கெல்லாம் நம்மிடம் கைவைத்தியமும் உண்டு. எலுமிச்சை, வினிகர், ஆப்பச்சோடா, காப்பித்தூள், மண்ணெண்ணெய், பிளீச், சூடம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்யும். சில வெறும் நம்பிக்கை. சில நாயையோ பூனையையோ கொன்றுவிடக் கூடியவை. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல வேதியியலால் முடியும்.

நாற்றத்திற்கும் குடும்பம் உண்டு

ஒரு பொருள் நாற வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் காற்றில் ஆவியாகி நம் மூக்கை எட்ட வேண்டும். ஆகவே நாற்றத்தை ஒழிப்பது என்றால் அந்த மூலக்கூறை ஆவியாக முடியாத இன்னொரு பொருளாக மாற்ற வேண்டும், அல்லது கழுவி வெளியேற்ற வேண்டும். வாசனைத் தெளிப்பான் இந்த இரண்டையும் செய்வதில்லை. ஒரு வாடையின்மேல் இன்னொரு வாடையைப் போர்த்துகிறது, அவ்வளவுதான்.

வீட்டுப் பிராணிகளிடம் நாம் சந்திக்கும் கெட்ட வாடைகளைப் பெரும்பாலும் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். கவிச்சி, புளித்த வாடை, கந்தக வாடை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குப் போட்டால் பலன் இருக்காது. சில வேளை நாற்றம் கூடவும் செய்யும்.

கவிச்சிக்குப் புளிப்பு

மீன் கழுவிய கையில் நம் அம்மாக்கள் புளியையோ எலுமிச்சையையோ தேய்ப்பதைப் பார்த்திருப்போம். அது சரியான வேதியியல். மீன் கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்ற சேர்மம். அமீன்கள் காரத்தன்மை கொண்டவை. புளிப்பில் உள்ள அமிலம் அவற்றோடு சேர்ந்து உப்பாக மாற்றுகிறது. உப்பு ஆவியாகாது, எனவே மூக்குக்கு எட்டாது, தண்ணீரில் கரைந்து போய்விடும்.

பழைய மூத்திர வாடையில் இருக்கும் அம்மோனியாவும் காரம்தான். செத்த பிராணியின் உடலிலிருந்து வரும் நாற்றத்திலும் இதே குடும்பத்தின் உறுப்பினர்கள் உண்டு. பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் லுட்விக் பிரீகர் 1885-இல் அவற்றில் இரண்டை இனங்கண்டு பியூட்ரசின், கடாவரின் என்று பெயரிட்டார். 'அழுகல்', 'பிணம்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர்கள் அவை. பெயரே நாறுகிறது அல்லவா?

நாய் செத்த எலிமேல் புரண்டு வந்தால் முதலில் நாய்களுக்கான ஷாம்புவில் நன்றாகக் குளிப்பாட்டுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கண்ணிலும் புண்ணிலும் படாமல் உடலில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். எலுமிச்சைத் தோலைத் தேய்க்க வேண்டாம். அந்தத் தோலில் உள்ள எண்ணெய் பூனைகளுக்கு ஆகாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எலியின் மூத்திரம் கலந்த நீரிலும் சேற்றிலும் லெப்தோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். 'கென்சிங் தீக்குஸ்' என்று நாம் அஞ்சும் நோய் இதுதான். லோங்காங்கில் இறங்கிய நாயையும் எலியோடு புரண்ட நாயையும் கழுவும்போது கையுறை அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது கழுவச் சொல்லுங்கள்.

புளித்த வாடைக்குச் சோடா

பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தத் தொடக்கக் கால மரங்களில் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கிய ரப்பர்க் காடுகளின் நிழலில்தான் நம்மில் பலரின் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டினார்கள். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வாடை மறக்கவே மறக்காது. மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி வைத்த இடத்தின் வாடை.

ரப்பர் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் உண்டு. பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக், வலேரிக் போன்ற அமிலங்களை வெளியிடுகின்றன. கெட்டுப்போன நெய், நாள்பட்ட காலுறை, வாந்தி ஆகியவற்றின் வாடையிலும் இந்தக் குடும்பத்தினர் உண்டு. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டையிலும் இவை இருக்கும். குட்டையில் விழுந்து எழுந்த நாய்க்கும் பாலில் புரண்ட நாய்க்கும் வாடை ஒத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு வினிகர் உதவாது. அமிலத்தின்மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றி என்ன பயன்? இங்கே தேவை காரம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கரைத்து உடலில் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். அமிலம் சோடியம் உப்பாக மாறி வாடை அடங்கும். நாய் நக்காதபடி நன்றாக அலசிவிட வேண்டும். ரோமத்தில் ரப்பர் பால் ஒட்டிக் காய்ந்திருந்தால் அந்த முடியைக் கத்தரித்துவிடுவதே நல்லது. தோட்டத்துப் பழக்கத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கந்தக வாடை: ஸ்கங்க்கும் டுரியானும்

மூன்றாவது குடும்பம்தான் மிகவும் பிடிவாதமானது. இதன் பெயர் தயால். கந்தக அணுவும் ஹைட்ரஜன் அணுவும் இணைந்த ஒரு தொகுதி இந்த மூலக்கூறுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தால்கூட நம் மூக்கு இவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் எத்தன்தயாலைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதே எத்தன்தயால் டுரியான் வாடையிலும் உண்டு. 2017-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 'மூசாங் கிங்' டுரியானின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்தபோது, கந்தக வாடைகளை உண்டாக்க உதவும் ஒரு மரபணு அதில் பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். பெத்தாய் சாப்பிட்டவர் வாயைத் திறந்தால் அடுத்த மேசைக்குத் தெரிவதும் கந்தகச் சேர்மங்களால்தான்.

நம் வீட்டு வாசலிலும் ஒரு ஸ்கங்க் இருக்கிறது: ஆண் பூனை. பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் உண்டு. விதையடிக்காத ஆண் பூனைகளிடம் இது மிக அதிகம். இதை உருவாக்க உதவும் புரதத்தின் வேலையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் விளக்கினார்கள். ஃபெலினின் புதிதாக இருக்கும்போது நாறுவதில்லை. நேரம் ஆக ஆகச் சிதைந்து ஒரு தயாலாக மாறுகிறது. காலையில் தெரியாத வாடை மாலையில் மூக்கைத் துளைப்பது இதனால்தான். பூனைக்கு விதையடித்தால் வாடை பெரிதும் குறையும் என்பதற்கும் இதுவே விளக்கம்.

இனி ஸ்கங்க்கிற்கு வருவோம். கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் வில்லியம் வுட் 1990-இல் அதன் திரவத்தை விரிவாகப் பகுத்தாய்ந்தார். அதில் மூன்று தயால்களும், அந்த ஒவ்வொன்றும் அசிட்டேட் என்ற மூடியைப் போட்டுக்கொண்ட மூன்று சேர்மங்களும் இருந்தன. மூடி போட்ட மூன்றும் அவ்வளவாக நாறுவதில்லை. ஆனால் ஈரம் பட்டால் மூடி கழன்று மீண்டும் தயாலாகிவிடும். அதனால்தான் குளிப்பாட்டி முடித்த நாய், அடுத்த மழையில் நனைந்தவுடன் பழையபடி நாறுகிறது.

தக்காளிச் சாறு ஏன் தோற்றது?

அமெரிக்காவில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட கைவைத்தியம் தக்காளிச் சாறு. நாயைத் தொட்டியில் நிறுத்தி டப்பா டப்பாவாகச் சாற்றை ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் போனது நாற்றம் அல்ல, மூக்கின் உணர்வு. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் தக்காளி வாசனை புதிதாக வந்ததால் அது மட்டுமே தெரியும். வெளியே போய்விட்டு வந்தவர் கதவைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து நாறும்.

நாற்றத்தில் நின்றவர் அதைச் சோதிக்கும் ஆளாக இருக்க முடியாது என்பது இதில் நமக்குள்ள பாடம். நாயைக் கழுவியவர் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

1993-இல் தீர்வு ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பால் கிரேபாம், தம் ஆய்வில் உண்டான கந்தக வாடையைப் போக்க, காரம் சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தி வந்தார். உடன் பணிபுரிந்த ஒருவரின் பூனை ஸ்கங்க்கிடம் மாட்டிக்கொண்டபோது, அதே முறையை மென்மையாக்கி, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு கலவை சொன்னார். அது பலித்தது. அமெரிக்க வேதியியல் கழகத்தின் வார இதழில் அந்தக் குறிப்பு வெளியானது. பிறகு நாடெங்கும் பரவியது. கிரேபாம் இதைப் புட்டியில் அடைத்து விற்கவில்லை. அடைக்கவும் முடியாது. கலந்தவுடன் ஆக்சிஜன் வாயு வெளிவரத் தொடங்கும். மூடி வைத்தால் புட்டி வெடித்துவிடும்.

கலவை இதுதான்:

3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு – சுமார் 1 லிட்டர்
ஆப்பச்சோடா – கால் கோப்பை
பாத்திரம் கழுவும் திரவ சோப்பு – 1 அல்லது 2 தேக்கரண்டி

திறந்த வாளியில், கழுவுவதற்குச் சற்று முன்பு மட்டுமே கலக்க வேண்டும். கையுறை அணிந்து, கண், மூக்கு, வாய் மூன்றையும் தவிர்த்து, ரோமத்தின் அடிவரை தேய்க்க வேண்டும். ஏறத்தாழ 5 நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் முழுவதுமாக அலச வேண்டும். முகத்தில் வாடை இருந்தால் கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால், கண்ணுக்கு எட்டத் துடையுங்கள். நாய் இதை நக்கிக் குடித்தால் வாந்தி எடுக்கும். அதிக நேரம் ஊறவிட்டால் கறுப்பு ரோமம் வெளுத்துவிடும். புண், சொறி உள்ள தோலில் போடக் கூடாது.

மருந்தகத்தில் வாங்கும்போது புட்டியின் சீட்டைப் படியுங்கள். 3 விழுக்காட்டிலும் உண்டு, 6 விழுக்காட்டிலும் உண்டு. 6 விழுக்காடு என்றால் அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 விழுக்காடாகிவிடும். முடிக்குச் சாயம் போடும் கடைகளில் கிடைக்கும் 9, 12 விழுக்காட்டு வகைகள் பக்கமே போக வேண்டாம், தோலைச் சுட்டுவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது? சோப்பு எண்ணெய்ப் பசையைக் கரைத்து ரோமத்திலிருந்து பிரிக்கிறது. சோடா தரும் காரத்தன்மையில் தயால் தன் ஹைட்ரஜனை எளிதாக விட்டுக்கொடுக்கிறது. பெராக்சைடு அந்தக் கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. முடிவில் கிடைப்பது சல்ஃபோனேட் போன்ற, நாற்றமில்லாத, தண்ணீரில் கரையும் பொருள். படிவம் 5 மாணவர்கள் ரெடாக்ஸ் பாடத்தில் ஆக்சிஜனேற்றம் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

ஈப்போவில் இந்தக் கலவை எதற்கு? சாக்கடைச் சேற்றின் அழுகிய முட்டை வாடைக்கு உதவும். அழுகல் பிணத்தின் வாடையில் அமீனோடு கந்தகச் சேர்மங்களும் இருப்பதால், வினிகருக்கு மசியாத மிச்சத்திற்கு உதவும். வினிகரையும் இதையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒன்றைக் கழுவிவிட்டு மற்றதைப் போடுங்கள். ஆண் பூனை பீய்ச்சிய சிமெந்துத் தரைக்கும் இதையே ஊற்றிப் பார்க்கலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

காப்பித்தூள். ஈப்போவில் காப்பிக்குப் பஞ்சமில்லை. குடித்து மிஞ்சிய சக்கையை நாய்மேல் தேய்க்கும் பழக்கமும் உண்டு. காப்பியில் உள்ள காஃபின் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. ரோமத்தில் ஒட்டியதை அவை நக்காமல் இருக்காது. இதயத்துடிப்பு தாறுமாறாகி வலிப்பு வரலாம்.

மண்ணெண்ணெய். தோலை எரிக்கும். நக்கும்போது அதன் ஆவியோ துளியோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போன்ற அழற்சி உண்டாகும்.

சூடம், பாச்சை உருண்டை, டீ ட்ரீ எண்ணெய். மூன்றும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

தண்ணீர் பட்டால் வெள்ளையாகும் கிருமிநாசினி வகைகள். இவற்றில் பீனால் குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கின்றன. மனிதனின் கல்லீரல் அவற்றைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி போதுமான அளவு இல்லை. சிறிய அளவும் அதன் உடலில் தங்கிவிடும். 'நமக்குப் பாதுகாப்பானது அதற்கும் பாதுகாப்பானது' என்ற கணக்குப் பூனையிடம் பொருந்தாது.

பிளீச். நாயின்மேல் போடவே கூடாது. தரையில் போடுவதாக இருந்தாலும் மூத்திரத்தை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். மூத்திரத்தின் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோராமின் ஆவி வரும். வினிகரோடோ எலுமிச்சையோடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல் போர்க்களத்தில் ஏவிவிடப்பட்ட அதே வாயு. சன்னல் இல்லாத சிறிய குளியலறையில், பக்கத்தில் குழந்தை நிற்கும்போது யாரும் செய்யக் கூடாத கலப்பு இது.

வீட்டில் ஒரு சோதனை

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. மீன் கழுவிய தண்ணீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி. மற்றதில் ஆப்பச்சோடா ஒரு கரண்டி. கலக்கிவிட்டு, கையால் விசிறி முகரச் சொல்லுங்கள். எலுமிச்சைக் கோப்பையில் கவிச்சி அடங்கியிருக்கும். சோடாக் கோப்பையில் அடங்கியிருக்காது, கூடவே செய்யலாம். அடுத்து, வினிகரில் நனைத்த இரண்டு துணிகளில் ஒன்றின்மேல் மட்டும் சோடாவைத் தூவுங்கள். நுரை பொங்கி அடங்கியபின் அந்தத் துணியில் புளிப்பு வாடை குறைந்திருக்கும். ஒரே சோடா ஓரிடத்தில் மருந்து, இன்னோர் இடத்தில் வீண்.

நாற்றமே அறிகுறியாக இருந்தால்

எங்கும் புரளாத, எதையும் கடிக்காத நாய் நாறினால் அதைக் கழுவி மறைக்கக் கூடாது. வாலடியில் திடீரென்று மீன் வீச்சம் வந்து, நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், அங்குள்ள சுரப்பிப் பைகள் நிரம்பியோ சீழ்பிடித்தோ இருக்கலாம். காதிலிருந்து புளித்த வாடை வந்து, தலையை அடிக்கடி உதறினால் காதில் தொற்று இருக்கலாம். வாயில் அழுகல் வாடை என்றால் பல்லும் ஈறும் கெட்டிருக்கலாம். நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் போன்ற வாடை மூச்சில் வந்தால், அது முற்றிய நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வயதான நாய்கள் பல, நாற்றம் என்ற ஒரே காரணத்திற்காக வீட்டுக்குப் பின்னால் கட்டப்படுகின்றன. சில செம்பனைக் காட்டில் விடப்படுகின்றன. அவற்றில் எத்தனையோ நாய்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பல் சிகிச்சையோ காதுக்கான சொட்டு மருந்தோதான்.

ஆகவே அடுத்த முறை நாய் நாறிக்கொண்டு வந்தால் கைக்குக் கிடைத்ததை ஊற்றாதீர்கள். கவிச்சியா, புளித்ததா, கந்தகமா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். முதலாவதற்கு நீர்த்த வினிகர், இரண்டாவதற்கு ஆப்பச்சோடா, மூன்றாவதற்கு பெராக்சைடு கலவை. கலவையில் மிஞ்சியதை மூடி வைக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். மூன்றிலும் அடங்காமல் இரண்டு மூன்று நாளில் அதே வாடை திரும்பினால், நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.